பிரஸ் முரண்டு பிடிக்கும்போது

சுட்டு முடித்த தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பும் பிரஸ் என்பது அடிப்படையில் ஒரு நெம்புகோல். கைப்பிடியைக் கீழே இழுத்தால் நடுத்தண்டு மேலே ஏறும். கைப்பிடியை உயர்த்தினால் தண்டு இறங்கும். தண்டின் தலையில் கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர் இருக்கிறது. அதற்கு நேர் மேலே, மரையில் திருகப்பட்ட டை; கூட்டைச் சுருக்குவதும் குண்டை அமர்த்துவதும் இந்த அச்சுதான். ஒற்றை நிலை பிரஸ் இவ்வளவுதான். ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ‘ராக் சக்கர்’ போன்ற வார்ப்பிரும்பு பிரஸ்கள் அமெரிக்காவில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் உடைந்துபோக அதிகமாக எதுவும் கிடையாது.

ஆகவே ‘பிரஸ் ரிப்பேர்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பிரஸ்ஸின் ரிப்பேர் அல்ல. உள்ளே போன கூடு தவறாக இருக்கும், இடுக்கில் கரி சேர்ந்திருக்கும், அல்லது எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கும். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் தேடிவிடுங்கள்.

இந்த அத்தியாயம் அமெரிக்கா போல வீட்டில் தோட்டா நிரப்புவதைச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வாழ்பவர்களுக்கானது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இயந்திர அறிவாக மட்டும் இதைப் படிக்கலாம்.

முதலில் கையை எடுங்கள்

கைப்பிடி வழக்கத்தைவிட இறுகினால் செய்ய வேண்டிய முதல் காரியம் அழுத்தத்தை விடுவது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால் போய்விடும் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் மிக ஆபத்தானது. பிரைமர் என்பது நசுங்கினால் வெடிக்கும் பொருள்; அது வேலை செய்யும் விதமே அதுதான். நீண்ட கைப்பிடியின் நெம்புபலத்தில் அது மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி அணியாமல் பிரஸ் முன் உட்காரவே கூடாது என்பதும் அதனால்தான்.

அடுத்து, பிரைமர் குழாயைக் கழற்றி அப்பால் வையுங்கள். மருந்துப் புட்டியின் வாயை மூடுங்கள். அதன் பிறகே காரணத்தைத் தேடலாம்.

புரோகிரசிவ் பிரஸ்ஸில் இன்னொரு வேலையும் சேரும். அதில் ஷெல் பிளேட் என்ற வட்டத் தட்டு சுழலும். ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு நிலையில் கூடு சுருங்கும், ஒரு நிலையில் மருந்து விழும், ஒரு நிலையில் குண்டு அமரும். பாதி இழுப்பில் நின்றுவிட்டால் எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்பது உங்கள் ஞாபகத்தை நம்பிய விஷயமாகிவிடும். ஞாபகத்தை நம்பாதீர்கள். தட்டில் இருக்கும் கூடுகள் அத்தனையையும் வெளியே எடுத்து, மருந்தைக் கொட்டி, புதிதாகத் தொடங்குங்கள். கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு விழும் மருந்து மிகக் குறைவு. பல கூடுகளில் இரட்டை அளவு விழுந்தாலும் வழியாது, உள்ளேயே அடங்கிவிடும். துப்பாக்கியைப் பிளக்கக்கூடிய தோட்டா அப்படித்தான் பிறக்கிறது. மருந்தே விழாத தோட்டாவும் அதற்குச் சளைத்ததல்ல. பிரைமரின் வேகத்தில் மட்டும் போன குண்டு குழல் நடுவில் சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைத்துப்போகும்.

கைப்பிடி எந்த இடத்தில் இறுகுகிறது

இழுப்பின் எந்தக் கட்டத்தில் தடை வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

தண்டு ஏறத் தொடங்கியதுமே முட்டினால், கூடு ஷெல் ஹோல்டரில் முழுதாக நுழையவில்லை அல்லது டையின் வாயில் கூடு நேராக இல்லை. இன்னொரு சாத்தியம், அது உங்கள் அளவுக் கூடே அல்ல. சுடுதளத் தரையிலிருந்து பொறுக்கிய பித்தளையில் இது சகஜம். 9 எம்.எம். கூட்டுக்குள் ஒரு .22 கூடு ஒளிந்திருக்கும்; .45 கூட்டுக்குள் 9 எம்.எம். கூடு கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். 9 எம்.எம்.மோடு .380 கலந்தால் கண்ணுக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. தரம் பிரிப்பது அலுப்பான வேலைதான். ஆனால் பிரஸ் முன்னால் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதியை அது மிச்சப்படுத்தும்.

நடு இழுப்பில் கனத்துக் கீச்சிட்டால் எண்ணெய்ப்பசை போதவில்லை. டங்ஸ்டன் கார்பைடு வளையம் பொருத்திய டையில் நேர்சுவர் கொண்ட கைத்துப்பாக்கிக் கூடுகளை எண்ணெய் இல்லாமலே சுருக்கலாம். .223, .308 போலக் கழுத்து ஒடுங்கிய துப்பாக்கிக் கூடுகளுக்கு அந்தச் சலுகை இல்லை; ஒவ்வொன்றிலும் மெல்லிய பசை இருந்தே ஆக வேண்டும். லனோலின் ஒரு பங்குக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் பத்து, பன்னிரண்டு பங்கு என்று கலந்து தெளித்து, ஆல்கஹால் ஆவியாகும்வரை காத்திருப்பது பலரும் செய்யும் மலிவான வழி. காத்திருப்பதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். பசை அதிகமானாலும் கேடு. டையின் தோள்பகுதியில் தேங்கி, கூட்டின் தோளில் குழி விழச்செய்யும். சுருக்கி முடித்த பின் அந்தப் பசையைத் துடைத்தெடுக்கவும் மறக்கக் கூடாது.

தண்டு உச்சிக்கு வரும்போது மட்டும் கைப்பிடி இடித்தால் டை அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. எஃகு டையை ஷெல் ஹோல்டர் தொடும்வரை இறக்கி, அதற்குமேல் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்றுவரை திருகுவது பழைய வழக்கம். உச்சியில் கைப்பிடி லேசாக ‘தட்டி’ இறங்குவது கையில் தெரியும். கார்பைடு டையில் அப்படிச் செய்யாதீர்கள். கார்பைடு கடினமானது, கூடவே நொறுங்கும் தன்மையுடையது. ஷெல் ஹோல்டர் மோதினால் வளையம் விரிசல் விடும். இடையில் ஒரு தாள் நுழையுமளவு இடைவெளி விட்டு லாக் ரிங்கை இறுக்குங்கள்.

இறங்கும்போது இழுத்துப் பிடித்தால், கூட்டின் வாயை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை வறண்டிருக்கிறது. கூட்டின் வாய்க்குள் ஒரு தூரிகை ஓட்டிக் கரியை எடுத்து, துளி கிராஃபைட் தொட்டால் சரியாகும்.

டைக்குள் கூடு சிக்கிக்கொண்டால்

பசை போதாத கூடு ஏறும், இறங்காது. பலமாகக் கைப்பிடியை உயர்த்தினால் ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், கூடு டைக்குள்ளேயே நின்றுவிடும். துப்பாக்கிக் கூடுகளைச் சுருக்குகிற எவருக்கும் ஒருநாள் இது நேரும். டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

முதலில், பழைய பிரைமர் வெளியேறிவிட்டதா என்று பாருங்கள். சுடப்படாத பிரைமர் உள்ளே இருக்க வாய்ப்பு இருந்தால் அங்கேயே நிறுத்தி, டை செய்த நிறுவனத்தைக் கேளுங்கள். துளை போடும் பேச்சே வேண்டாம். பிரைமர் போய்விட்டது உறுதி என்றால், பிரைமரைத் தள்ளும் ஊசியையும் உருண்டையையும் தாங்கிய கம்பியை மேலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருகி உயர்த்துங்கள். டையைப் பிரஸ்ஸிலிருந்து கழற்றி வைஸில் பிடியுங்கள். கூட்டின் அடியில் இருக்கும் பிரைமர் குழியின் நடுவில் டிரில் போட்டு, கால் அங்குலம்–20 அளவில் உள்மரை வெட்டுங்கள். கூட்டின் அடியைச் சுற்றி, டையின் வாய்மேல் நிற்குமாறு ஒரு பெரிய சாக்கெட்டையோ தடித்த வளையத்தையோ வைத்து, அதன்மேல் வாஷர் போட்டு, போல்ட்டை உள்ளே திருகுங்கள். போல்ட் இறுக இறுகக் கூடு மேலே இழுபடும். கடைசியில் ஒரு ‘டப்’ சத்தத்தோடு விடுபடும். டையின் உள்சுவரில் பித்தளை ஒட்டியிருந்தால் நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். ஒட்டிய துணுக்கு இருக்கும்வரை அடுத்து வரும் ஒவ்வொரு கூட்டிலும் கீறல் விழும்.

ஊசி உடைவதும் இதன் உறவுதான். சில நாட்டு ராணுவக் கூடுகளில் நடுவே ஒரே துளைக்குப் பதிலாகப் பக்கத்துக்கொன்றாக இரண்டு சிறு துளைகள் இருக்கும். இது பெர்டான் முறை. நடுவே ஒற்றைத் துளை உள்ளது பாக்ஸர் முறை. ஊசி பெர்டான் கூட்டின் திடமான நடுப்பகுதியில் குத்தி வளையும். வேடிக்கை என்னவென்றால், பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்கா பாக்ஸரின் முறையைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பா பெரும்பாலும் பெர்டானின் முறையை எடுத்துக்கொண்டது. புதிய வகைக் கூடு கையில் வந்தால் டார்ச் அடித்து உள்ளே ஒருமுறை பாருங்கள்.

கரி எங்கே போகிறது

ஒவ்வொரு பழைய பிரைமரும் வெளியேறும்போது கொஞ்சம் கறுப்புத் தூளும் கூடவே விழும். அது தண்டின் பிளவிலும், கீழே இணைப்புக் கம்பிகளின் பின்களிலும், ஷெல் பிளேட்டின் அடியிலும் போய் உட்காரும். அங்கே தாராளமாக கிரீஸ் பூசியிருந்தால் தூளும் கிரீஸும் கலந்து, உலோகத்தைத் தேய்க்கும் பசையாக மாறும். புதிய பிரஸ் வாங்கியவர்கள் ஆசையாக கிரீஸை அப்புவதைப் பார்த்தால் எனக்கு அதுதான் தோன்றும். பிரஸ்ஸுக்கு எண்ணெய் குறைவாகவும் அடிக்கடியும் போதும். தண்டைத் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு இயந்திர எண்ணெய், பின்களுக்கு ஒவ்வொரு சொட்டு. வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

கையில் கிடைத்த தெளிப்பு எண்ணெயைப் பிரஸ் முழுக்க அடிப்பது கெட்ட பழக்கம். ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் இறங்கினால் அது செத்துப்போகலாம். செத்த பிரைமர் சுடுதளத்தில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

அந்தக் கறுப்புத் தூளில் ஈயம் இருக்கிறது. பெரும்பாலான பிரைமர்களின் மூலப்பொருள் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயக் கூட்டுப்பொருள். ஆகவே காற்று அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், வாயால் ஊதவே ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். மேஜையில் காபித் தம்ளருக்கு இடமில்லை. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கை கழுவுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பிரஸ் வேறு அறையிலோ கராஜிலோ இருக்கட்டும். அந்த அறையில் போட்ட செருப்பு வீட்டுக்குள் வர வேண்டாம்.

பிரைமர் சரியாக உட்காராதபோது

புரோகிரசிவ் பிரஸ் வைத்திருப்பவர்களின் புலம்பலில் முக்கால்வாசி பிரைமரைப் பற்றியதாகவே இருக்கும். நன்றாக உட்கார்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு உள்ளே இருக்கும். கண்ணுக்கு அது தெரியாது, விரல்நுனிக்குத் தெரியும். அடியைத் தடவும்போது சின்னப் பள்ளமாகத் தெரிய வேண்டும். மேடாகத் தெரிந்தால் அந்தத் தோட்டாவைப் பெட்டியில் போடாதீர்கள். சுத்தி முதல் அடியில் பிரைமரை உள்ளே தள்ளும், இரண்டாவதில்தான் வெடிக்கும். சுழல் துப்பாக்கியிலோ சிலிண்டரே சுற்றாது.

மேடாக நிற்பதற்கு முதல் காரணம் பிரைமர் குழியில் மிச்சமிருக்கும் கரி. அடுத்தது, பிரைமரைத் தள்ளும் தண்டின் தலையில் ஒட்டிய ஒரு துணுக்கு. அது இருந்தால் ஒவ்வொரு பிரைமரின் முகத்திலும் ஒரே இடத்தில் ஒரே வடிவப் பள்ளம் விழும், ஆகவே நாலைந்து தோட்டாக்களை வரிசையாகத் திருப்பிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது காரணம் ஷெல் பிளேட்டின் நடு போல்ட் தளர்ந்திருப்பது. பிளேட் ஆடினால் கூடு மேலே எழும்பிக் கொடுக்கும், பிரைமர் முழுதாக நுழையாது. போல்ட்டை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தட்டு தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் விரலால் அசைத்தால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த இடத்தில் போல்ட்டைப் பூட்டும் சிறு திருகை இறுக்க மறக்காதீர்கள். அதை மறந்தால் நூறு தோட்டாவுக்குள் பழைய கதைதான்.

தள்ளும்போதே கைப்பிடி முட்டினால் ராணுவக் கூடாக இருக்கலாம். தொழிற்சாலையில் பிரைமரைச் சுற்றி உலோகத்தை நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். பழைய பிரைமர் போனாலும் நசுக்கிய விளிம்பு அங்கேயே இருக்கும். அதைச் செதுக்கியோ அழுத்தியோ நீக்காமல் புதிய பிரைமர் போகாது. .45 ஏ.சி.பி.யில் இன்னொரு வில்லங்கம். பல்லாண்டு காலமாகப் பெரிய பிரைமர் மட்டுமே வந்த அந்தக் கூட்டில் இப்போது சில நிறுவனங்கள் சிறிய பிரைமருக்குக் குழி போடுகின்றன. பெரியது 0.210 அங்குலம், சிறியது 0.175. தூரத்திலிருந்து பார்த்தால் கூடுகள் ஒன்றுபோலவே இருக்கும். பெரிய பிரைமருக்கு அமைத்த பிரஸ்ஸில் சிறிய குழிக்கூடு ஒன்று வந்தால் கைப்பிடி கல்லில் மோதியது போல நிற்கும். அந்தக் கணத்தில் அழுத்தாமல் விட்டவர் கெட்டிக்காரர்.

பிரைமர் பக்கவாட்டில் நுழைந்து நசுங்கினால், அல்லது தலைகீழாக நுழைந்தால், அதைக் குத்தித் தள்ள முயல வேண்டாம். அந்தக் கூட்டை ஒதுக்குங்கள். குழாயில் பிரைமர் சிக்கினாலும் கம்பியால் குத்தி இறக்காதீர்கள்; நூறு பிரைமர் நிறைந்த குழாயில் ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்கும். பல புரோகிரசிவ் பிரஸ்களில் பிரைமர் குழாயைச் சுற்றித் தடித்த உலோகக் கவசக் குழாய் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அதைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள்.

தட்டு துள்ளினால்

ஷெல் பிளேட் ஒவ்வொரு நிலையிலும் நிற்பதற்கு ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு எஃகு உருண்டை இருக்கும். அந்தக் குழியில் கரி நிறைந்தால் தட்டு பாதியில் நிற்கும். ஸ்பிரிங் அதிக விறைப்பாக இருந்தால் தட்டு ‘டக்’ என்று துள்ளி நின்று, கூட்டிலிருக்கும் மருந்து சிந்தும். சிந்திய மருந்து தட்டின் அடியில் போய்ப் பிரைமர் வழியை அடைக்கும். இப்படி ஒரு கோளாறு இன்னொன்றைப் பெறுகிறது. ஸ்பிரிங்கை மெலிதானதாக மாற்றலாம். அதற்கு முன்னால் கைப்பிடியை நிதானமாக உயர்த்திப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். டில்லன் 550 போலக் கையால் தட்டைச் சுழற்றும் பிரஸ்ஸில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே சுழற்ற மறந்து இரண்டாம் முறை மருந்து போடும் அபாயம் உண்டு. எந்த வகையானாலும், குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண் போக வேண்டும். அதற்காகவே வெளிச்சம் நேரே கூட்டுக்குள் விழுமாறு ஒரு சிறு எல்.இ.டி. விளக்கைப் பிரஸ்ஸின் தலையில் ஒட்டுங்கள். புரோகிரசிவ் பிரஸ்ஸுக்கு வாங்கும் துணைக் கருவிகளில் இதைவிட உருப்படியானது எதுவும் எனக்குத் தெரியாது.

தோட்டாவின் மொத்த நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது அடுத்த புகார். டையைத் தொடுவதற்கு முன், அளந்தவை தட்டு நிறைந்திருந்தபோது வந்தவையா என்று பாருங்கள். எல்லா நிலையிலும் கூடு இருக்கும்போது தட்டின்மேல் விழும் சுமை வேறு. தொடக்கத்திலும் முடிவிலும் பாதித் தட்டு காலியாக இருக்கும்போது வேறு. தட்டு மயிரிழை சாயும், குண்டு அமரும் ஆழமும் மாறும். நடுவில் வந்த தோட்டாக்களை அளந்தே டையைத் திருத்துங்கள்.

அப்படியும் மாறினால் மேஜையைப் பாருங்கள். கைப்பிடியை இழுக்கும்போது மேஜையின் விளிம்பு வளைந்து கொடுத்தால் எந்த பிரஸ்ஸும் சீராக வேலை செய்யாது. மரத்திருகில் நிறுத்திய பிரஸ் கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும். பலகையை இரட்டையாக்கி, துளையிட்டு, அடியில் பெரிய வாஷர் வைத்து நீண்ட போல்ட்டால் இறுக்குங்கள். மேஜையைச் சுவரோடும் பிணைத்தால் நல்லது.

மருந்து அளவையும் டைகளும்

வேலை முடிந்ததும் மருந்தை அளவைப் புட்டியில் விட்டுவைக்காதீர்கள். அது வந்த டப்பாவிலேயே திரும்பக் கொட்டுங்கள். சில மருந்துகள் பிளாஸ்டிக் புட்டியின் உள்சுவரை மஞ்சளாக்கி மங்கவைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, அடுத்த வாரம் வந்து பார்க்கும்போது அது எந்த மருந்து என்பது மறந்திருக்கும். வேகமாக எரிவதும் மெதுவாக எரிவதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பெயர் உறுதியில்லாத மருந்தைப் பயன்படுத்தவே கூடாது. மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரே டப்பா இருக்கட்டும்.

புது அளவையில் மருந்து சுவரில் ஒட்டி அளவு அலைந்தால் நிலைமின்சாரம்தான் காரணம். கொஞ்சம் கிராஃபைட் தூள் அதைப் போக்கும். நீண்ட குச்சி வடிவ மருந்தில் கைப்பிடி ‘நறுக்’ என்று வெட்டிச் செல்வதை உணர்வீர்கள். அது இயல்பு, ஆனால் சீக்கிரம் தராசில் மறுபடி நிறுத்துப் பாருங்கள். உருண்டை மருந்து நன்றாக ஓடும்; ஓடுவதாலேயே சின்ன இடைவெளியிலும் கசியும்.

டையின் வெளிமரை பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொதுவானது: 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. ஆகவே ஒரு நிறுவனத்தின் டை இன்னொன்றின் பிரஸ்ஸில் ஏறும். டில்லன் ‘ஸ்கொயர் டீல்’ போன்ற சில பிரஸ்கள் மட்டும் சொந்த டைகளைக் கேட்கும். பழைய பிரஸ் வாங்குபவர் முதலில் விசாரிக்க வேண்டியது இதை. ஈயக் குண்டு அமர்த்தும் டையின் உள்ளே மெழுகுப்பசை மெல்லச் சேர்ந்து, குண்டு வரவர ஆழமாக இறங்கும். டையைக் கழற்றி, கரைப்பானில் ஊறவைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் எடுத்தால் போதும்.

கடலோர ஈரக்காற்றில் வைத்திருப்பவர்கள் டைகளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, மூடிய பெட்டியில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். மீண்டும் பயன்படுத்தும்போது அந்த எண்ணெயை முழுதாக நீக்கிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு சிறு டப்பாவில் ஊசி இரண்டு, ஷெல் பிளேட்டின் சிறு திருகு, ஸ்பிரிங், உருண்டை ஆகியவற்றை உபரியாக வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, கடை மூடிய பிறகு, உடைவது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.